தண்டவாளம் போட்டாச்சு, கட்டை எங்கே?

பிசியோதெரபி என்றால் கை கால் பிடித்துவிடுகிற வேலை என்றுதான் உலகம் நினைக்கிறது. உலகத்தை விடுங்கள், என் மாமியாரே பத்து வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போனால் இலை போடுவதற்குள் நாலு பேர் முழங்காலை நீட்டிவிடுவார்கள். என்னைப்போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

ஆனால் எனக்கு இந்தத் தொழிலில் ஒரு கர்வம் உண்டு. அதை மறைக்கவும் போவதில்லை. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கும் கேன்டீனுக்கும் நடுவில் இருந்த தாழ்வாரத்தில், ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு நின்றுபோன கால்களை நடக்க வைத்தவள் நான். எல்லாக் கால்களையும் அல்ல, சிலவற்றை. அந்தச் சிலவற்றுக்கே இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன்.

வாசலில் நின்ற கீமேன்

ஆறுமுகம் எங்கள் அறை வாசல் வரைக்கும் வந்தார், அங்கேயே நின்றுவிட்டார். நிலைப்படியைத் தாண்டி ஒரே ஒரு அடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பாதம் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டு நடுங்கின. முன்னால் மகன் செல்வம் கையைப் பிடித்து இழுக்கிறான், பின்னால் மனைவி ராஜம்மா முதுகில் கைவைத்துத் தள்ளுகிறார். நான் ஓடிப்போய் இருவரையும் விலக்கினேன். இப்படி உறைந்து நிற்கிறவரை இழுத்தால் உடம்பு மட்டும்தான் வரும், கால் வராது. அப்படியே குப்புற விழுவார் என்று செல்வத்திடம் சொன்னேன்.

நடுக்குவாதம். ஆறுமுகம் ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் தன் பொறுப்பில் உள்ள லைன் முழுவதையும் நடந்து பார்த்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் கீ எங்கேயாவது தளர்ந்திருந்தால் சுத்தியலால் அடித்து இறுக்குவதுதான் கீமேன் வேலை. ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். அப்படி நடந்த மனிதர் ஒரே மாதத்தில் மூன்று தடவை தன் வீட்டு வாசலிலேயே விழுந்திருந்தார். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் செல்வம் பயந்துபோய் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். சக்கர நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த மாதம் வந்துவிடும், அதற்கப்புறம் அப்பா நடக்கவே வேண்டாம்.

ஆறுமுகத்தின் கவலை வேறு. அப்போது மீட்டர் கேஜைப் பிரித்துவிட்டு பிராட் கேஜ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டுத் தெருக்கோடியில் மெயின் ரோட்டைத் தாண்டினால் லைன். காலமெல்லாம் தான் நடந்த இடத்தில் புது லைன் எப்படி விழுந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். "ஆட்டோவுல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன் மேடம், ஒத்துக்க மாட்டேங்கறாரு" என்றான் செல்வம். நான் ஆறுமுகத்தைப் பார்த்தேன். அந்த வியாதி முகத்தையும் இறுக்கிவிடும் என்பதால் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. சன்னமான குரலில் சொன்னார்:

"லைனை யாராச்சும் ஆட்டோவுல போயி பாப்பாங்களாம்மா? நடந்து பாக்கறதுக்குப் பேருதான் பாக்கறது."

பெரிய டாக்டரின் பூட்ஸ்

எங்கள் பெரிய டாக்டர் நரம்பு வைத்தியர். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். நோயாளிகளைப் பாட்டுப் போட்டு நடக்க வைக்கிறேன், அனுமதி கொடுங்கள் என்று அவரிடம் போய் நின்றேன்.

என் வாதம் இதுதான். பழகின நடையை நாம் யோசிக்காமலே நடத்திவைக்க மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி இருக்கிறது. நடுக்குவாதத்தில் மந்தமாகிப் போவது அதுதான். காலில் பலம் இருக்கும், 'கிளம்பு' என்கிற உத்தரவு மட்டும் வந்து சேராது. ஆனால் காதில் ஒரு தாளம் விழுந்தால் மூளையில் அசைவுக்கென்று இருக்கும் மற்ற பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. நாம் கை காலை ஆட்டாமல் உட்கார்ந்து கேட்டாலும் அவை உள்ளுக்குள் ஆடத் தயாராகிவிடும். எதிரே ஏதாவது நகர்வதைப் பார்த்தாலும், தாண்ட வேண்டிய ஒரு கோட்டைப் பார்த்தாலும் இதே கதைதான். நேர்வழி அடைத்துக்கொண்டால் இந்தச் சந்து வழியாக உத்தரவை அனுப்பிப் பார்ப்போமே என்றேன்.

"இது ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் இல்லை" என்றார் டாக்டர். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. கையோடு கொண்டுபோயிருந்த டேப் ரெக்கார்டரை அவர் மேஜை மேலேயே வைத்துத் தட்டிவிட்டேன். தவில் துள்ளுகிற ஒரு சினிமாப் பாட்டு. அவர் அசரவில்லை. பாட்டு ஏன் கூடாது என்பதற்குக் காரணங்களை ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். அந்த நேரம் பார்த்துக் காபியோடு உள்ளே வந்தாள் எங்கள் அட்டெண்டர் மகாதேவி. கோபிநத்தத்துக்காரி, மனதில் பட்டதை யாரிடமும் சொல்லிவிடுவாள். காபியை வைக்கக் குனிந்தவள் மேஜைக்கு அடியில் டாக்டரின் காலைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங் சார், நீங்க வேண்டாம்ங்கறீங்க, உங்க பூட்ஸு சரிங்குதே!"

பேட்டரி

ஒரு மாதம் தருகிறேன் என்றார் டாக்டர். தாராளமாகப் போதும் என்றேன். போதுமா போதாதா என்று எனக்கே தெரியாது.

மைசூரில் அப்போது கரண்ட் போகிற நேரம் கரண்டுக்கே தெரியாது. அதனால் டேப் ரெக்கார்டரில் பேட்டரி போட்டு வைத்திருந்தேன். என் முன்யோசனையைப் பற்றி எனக்கு ஒரு பெருமை. பேட்டரியை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்கிற அளவுக்கு அந்த முன்யோசனை நீளவில்லை. விஜயநகரிலிருந்து வருகிற சேஷாத்ரி என்ற ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒரு நாள் பாட்டுக்குத் தகுந்தபடி ஜம்மென்று நடந்துகொண்டிருந்தார். அவருக்கும் நடுக்குவாதம்தான். ஆனால் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல்தான் வருவார். பாதித் தாழ்வாரம் தாண்டியதும் பாட்டு இழுக்க ஆரம்பித்தது. பெண் குரல் ஆண் குரலாகியது. சேஷாத்ரியின் நடையும் இழுத்தது. கடைசியில் பாட்டு ஒரு முனகல் முனகி அடங்கியது. அவரும் ஒரு குதிகாலைத் தூக்கினபடி அப்படியே நின்றுவிட்டார்.

விழப்போகிறார் என்று மகாதேவி நாற்காலியோடு ஓடுகிறாள். நானோ வெட்கமில்லாமல் கை தட்டுகிறேன். பின்னே என்ன? பாட்டுதான் காலை இழுத்துக்கொண்டு போகிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? சேஷாத்ரி மெதுவாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"கையைத் தட்டறது அப்புறம் இருக்கட்டும். எனக்கு வியாதி முத்திடுத்தா, இல்லே பேட்டரி தீந்துடுத்தா? அதை முதல்லே சொல்லுங்கோ."

சாமி பாட்டு

அதற்குப் பிறகு தரையில் கால் பாவவில்லை எனக்கு. எந்தக் காலாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், பாட்டு இருக்கிறது என்கிற தோரணை. அப்போதுதான் கொள்ளேகாலிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார் பாப்பம்மா. பட்டுத் தறிக்காரர் வீட்டு அம்மாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தார். கால் ஓரளவு வந்துவிட்டது, இடது கை மட்டும் துணி மூட்டை போலத் தொங்கியது. சினிமாப் பாட்டுக்கெல்லாம் நடக்க மாட்டேன், அக்கம்பக்கம் பார்த்தால் என்ன நினைக்கும் என்றார்.

சரி என்று அடுத்த தடவை பக்திப் பாட்டு கேசட் வாங்கிவந்து போட்டேன். பாப்பம்மா நாலு அடி நடந்தார். ஐந்தாவது அடியில் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். அதுவரை யார் எவ்வளவோ முயன்றும் இடுப்பைத் தாண்டாத அந்த இடது கை, நடுங்கிக்கொண்டே தானாக மேலே வந்து வலது கையோடு சேர்ந்துகொண்டது. என் பூரிப்பைக் காட்டிக்கொள்ளாமல், "நடங்க பாப்பம்மா, ஏன் நின்னுட்டீங்க?" என்று அதட்டினேன்.

"சாமி பாட்டு ஓடறப்ப நடந்து போறதுங்களா? நின்னு கும்பிடோணுமுங்க."

நேர்க் கோடு

இத்தனை பெருமைக்கும் நடுவில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறுமுகத்திடம் மட்டும் என் பாட்டு எதுவும் பலிக்கவில்லை. தாளத்துக்கு இரண்டு அடி வைப்பார், மூன்றாவதில் உறைந்துவிடுவார். கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டதுதான் மிச்சம். டாக்டர் கொடுத்த மாதத்தில் பாதி போய்விட்டது. ராஜம்மா ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டிருந்தால் தேவலை.

அப்போது காலேஜில் எங்கள் ஆசிரியர் சொன்னது ஞாபகம் வந்தது. தரையில் கோடு இருந்தால் இப்படிப்பட்டவர்கள் நடப்பார்கள் என்று சொல்லியிருந்தார். கோடு எந்தப் பக்கமாக என்பது மட்டும் ஞாபகம் இல்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். நானாவது, கேட்பதாவது! நேராக நடக்க வேண்டும் என்றால் நேர்க் கோடுதானே என்று நானே முடிவு கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகாதேவியும் முதுகு ஒடியக் குனிந்து, தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வெள்ளை பெயிண்டில் இரண்டு நீளக் கோடு இழுத்தோம். நூல் பிடித்தாற்போல் அழகாக வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை. சேஷாத்ரி அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் கயிற்றின் மேல் நடப்பவர் மாதிரி காலை ஒட்டி ஒட்டி வைத்தார். முந்தின நாள் வரைக்கும் நன்றாக நடந்த மனிதர். அடுத்து வந்த அம்மாள் கிளம்பவே இல்லை. ஆறுமுகம் முறை வந்தது. அவர் வாசலில் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். ரயில்வேக்காரர் பார்வை, அவசரமே கிடையாது.

"தண்டவாளம் போட்டாச்சு, சரி. கட்டை எங்கேம்மா? எது மேல கால வெச்சு நடக்கறது?"

மேற்பார்வை

என் புத்தியில் அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் காலமெல்லாம் நடந்தது தண்டவாளத்தின் மேல் அல்லவே! குறுக்கே குறுக்கே கிடந்த கட்டைகளின் மேல்தானே ஒவ்வொரு அடியும் வைத்திருக்கிறார்!

பிளாஸ்டர் சுருளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஆறுமுகம் மேற்பார்வை பார்த்தார். ஸ்கேல் வைத்து நான் ஒட்டிய முதல் நாலு பட்டையையும் பிரிக்கச் சொல்லிவிட்டார், இடைவெளி சரியில்லையாம். "உங்க அடிக்கு இல்லம்மா, என் அடிக்குப் போடுங்க." போட்டேன். இருபது பட்டை ஆனதும் எழுந்தார். முதல் பட்டையைப் பார்த்தார். கால் எழும்பியது. அடுத்தது. அதற்கு அடுத்தது. ஒரு இடத்திலும் நிற்காமல், கையை லேசாக வீசிக்கொண்டு, சுத்தியல் பிடித்த கை போல வலது கையைக் கொஞ்சம் தாழ்த்தி, தாழ்வாரம் முழுக்க நடந்தார் ஆறுமுகம். ராஜம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஆனால் நின்றுகொண்டு அழுதேன், கம்பீரமாக.

பெரிய டாக்டர் எப்போது வந்து நின்றாரோ தெரியாது. ஒரு பட்டையின் ஓரம் எழும்பியிருந்ததைப் பார்த்தவர், குனிந்து கட்டை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார். அதுதான் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. பிறகு செல்வம் வந்தான், தூக்கம் இல்லாத முகத்தோடு. முந்தின நாள் அப்பா வீட்டு வாசலில் மறுபடியும் விழுந்துவிட்டாராம். நெற்றியில் காயம்.

"இங்க கட்டை இருக்கு, நடக்கறாரு. எங்க வீட்ல ஏது மேடம்? உங்க தாழ்வாரத்தையா தூக்கிட்டுப் போறது? நாற்காலி திங்கக்கிழமை வருது."

தெருக்கோடி

வியாழக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்கே போனேன். செல்வத்துக்கு இரண்டாம் ஷிப்ட், வீட்டில் இருந்தான். வாசல், தெரு, தெருக்கோடியில் மெயின் ரோடு, அதற்கு அந்தப்பக்கம் லைன். இவ்வளவு தூரத்துக்கு எதைக்கொண்டு கோடு போடுவது, எப்படி நடக்க வைப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். ஆனால் நான் போவதற்குள் ராஜம்மா வேலையை முடித்துவிட்டிருந்தார்.

புள்ளி இல்லை, இழை இல்லை. நிலைப்படியில் ஆரம்பித்துத் தெருக்கோடி வரைக்கும் கோலமாவில் குறுக்குப் பட்டைகள். இடைவெளி அத்தனையும் ஆறுமுகத்தின் அடிக்கு. ஊருக்கு முன்னே எழுந்து, குனிந்த இடுப்பு நிமிராமல் போட்டிருக்கிறார். "என்ன ராஜம்மா, இது எந்த ஊர்க் கோலம்?" என்று எதிர் வீட்டம்மாள் கேட்கிறார். ராஜம்மா உள்ளே போய்க் கணவரை எழுப்பி நிறுத்தினார்.

நாலு தடவை விழவைத்த வாசலை, நெற்றியில் பிளாஸ்டரோடு, ஆறுமுகம் ஒரே எட்டில் தாண்டினார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை, கட்டையைத்தான் பார்த்தார். கோடி வரைக்கும் வந்துவிட்டார். அங்கே கோலம் முடிந்துவிட்டது. மெயின் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஓடும்போது மாவு எப்படி நிற்கும்? வெறும் தார். ஆறுமுகத்தின் கால் ஒட்டிக்கொண்டது, முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. ரோட்டில் விழுந்தால் இனி நாற்காலிதான், அதற்கு நானே சாட்சி.

செல்வம் பாய்ந்துபோய்க் கையைப் பிடித்தான். உடனே விட்டுவிட்டான். முதல் நாள் நான் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். அப்பாவுக்கு முன்னால் போய்த் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தான்.

"இந்தாப்பா கட்டை. தாண்டு."

ஆறுமுகம் தாண்டினார். செல்வம் ஒரு எட்டு பின்னால் போய் மறுபடியும் பாதத்தைக் குறுக்கே வைத்தான். அவர் தாண்டினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் நீட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தினேன். டிரைவர் கன்னடத்தில் என்னைத் திட்டினார், நானும் கன்னடத்தில் பதில் சொன்னேன். லைன் பக்கத்திலிருந்து அதற்குள், புது லைன் போடும் கேங்மேன்கள் தண்டவாளத்தைத் தள்ளி நகர்த்தும் குரல் கேட்டது. ஒருவர் முன்குரல் கொடுக்க எல்லாரும் சேர்ந்து "ஐசா" சொல்லித் தள்ளுகிற தாளம். ஆறுமுகத்தின் தலை நிமிர்ந்தது. என் கேசட்டுகளில் தேடித் தேடிக் கிடைக்காத பாட்டு அதுதான் போலிருக்கிறது. அப்புறம் அவர் செல்வத்தின் பாதத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு "ஐசா"வுக்கும் ஒரு அடி. கடைசிப் பத்தடிக்கு மகன்தான் பின்னால் நகர முடியாமல் திணறி ஒதுங்கி நின்றான்.

புது லைன் வெயிலில் பளபளத்தது. அகலத் தண்டவாளம், சிமெண்ட் கட்டைகள், பழைய கீக்குப் பதிலாக இரும்புக் கிளிப்புகள். ஆறுமுகம் அதன் ஓரத்தில், யார் கையையும் பிடிக்காமல், தன் காலில் நின்றார். செல்வம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேடம், நாற்காலி வேணாம்னு சொல்லிடறேன்" என்றான். ராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுமுகம் என்னவோ சொல்லப் போகிறார், நன்றியோ ஆசீர்வாதமோ, என்று நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நிதானமாக இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கையை நீட்டினார்.

"அந்த அஞ்சாவது கட்டையில கிளிப்பு எழும்பி நிக்குது. இங்க யாருய்யா கீமேன்? வரச்சொல்லு அவன!"

முடங்கியிருந்த ஒரு மனிதரை நடக்க வைத்தேன் என்று இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். கட்டையைச் சொன்னது அவர், கோலம் போட்டது ராஜம்மா, பாதம் வைத்தது செல்வம், பாட்டுப் பாடியது கேங்மேன்கள், நான் நிறுத்தியது ஒரு பஸ்ஸை மட்டும்தான் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.